பனிக்கட்டி உருகும், துகள் உருகாது: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, திண்மம், திரவம், வாயு ஆகிய நிலைகளில் துகள்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றியவை. அவற்றைப் படித்தபோது, பலருடைய மனத்திலும் ஒரே பாடநூல் படம் பதிந்திருப்பது தெரிந்தது. மூன்று பெட்டிகள்: முதலாவதில் நெருக்கமாக அடுக்கிய புள்ளிகள், இரண்டாவதில் இடைவெளி விட்ட புள்ளிகள், மூன்றாவதில் ஆங்காங்கே சிதறிய சில புள்ளிகள். அந்தப் படம் தொடக்கப் பாடத்துக்கு உதவுவதுதான். ஆனால் அது சில தவறான எண்ணங்களையும் விதைத்துவிடுகிறது என்பதால், தொடர்புடைய கேள்விகளை ஒன்றாகத் தொகுத்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன், "பனிக்கட்டியின் துகள் கெட்டியாக இருக்கும், தண்ணீரின் துகள் மென்மையாக இருக்கும், ஆவியானதும் துகள் ஊதிப் பெரிதாகும்" என்று விடைத்தாளில் எழுதியிருக்கிறான். அது தவறு என்று தெரிகிறது. சரியானதை எப்படி விளக்குவது?
(ஒரு தாய், திருவாரூர்)

பதில்: உங்கள் மகன் செய்தது மிக இயல்பான பிழை. ஒரு பொருளின் தன்மை முழுவதும் அதன் துகளிலும் அப்படியே இருக்கும் என்று நினைப்பதால் வருவது அது. உண்மையில், பனிக்கட்டியிலும் தண்ணீரிலும் நீராவியிலும் இருப்பது ஒரே நீர் மூலக்கூறுதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த அது, எந்த நிலையிலும் கெட்டியாவதும் இல்லை, இளகுவதும் இல்லை, ஊதிப் பெரிதாவதும் இல்லை. மாறுவதெல்லாம் துகள்களுக்கிடையிலான உறவு. ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைத் தன்பால் ஈர்க்கிறது. ஒவ்வொரு துகளும் ஓயாமல் இயங்கிக்கொண்டும் இருக்கிறது. ஈர்ப்பு மேலோங்கினால் அவை ஓர் ஒழுங்கில் கட்டுண்டு நிற்கின்றன. இயக்கம் கூடினால், அணைப்பை விடாமலே ஒன்றையொன்று கடந்து நழுவுகின்றன. இயக்கம் முற்றிலும் மேலோங்கினால், பிரிந்து தம்போக்கில் பறக்கின்றன.

இனி, அந்தப் பெட்டிப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது பெட்டியில் திரவத் துகள்களுக்கிடையே அவ்வளவு இடைவெளி வரைவது தவறு. பெரும்பாலான பொருள்கள் உருகும்போது சில சதவீதம் முதல் பத்து, பதினைந்து சதவீதம் வரைதான் விரிகின்றன. ஆகவே, திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. தண்ணீரின் கதை இன்னும் விசித்திரமானது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து, அறுகோண வடிவில் உள்ளே வெற்றிடம் விட்ட ஒரு கட்டமைப்பை உண்டாக்குகிறது. உருகும்போது அந்தக் கட்டமைப்பு குலைந்து, மூலக்கூறுகள் முன்னைவிட நெருங்கிவிடுகின்றன. அதனால்தான் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது, பனிக்கட்டி மிதக்கிறது, நிரம்பிய கண்ணாடிப் புட்டியை உறைவிப்பானில் வைத்தால் உடைகிறது.

உண்மையான தாவல் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில்தான் இருக்கிறது. கொதிநிலையில் 1 கிராம் தண்ணீர் முழுவதும் ஆவியானால், ஒரு கன சென்டிமீட்டர் அளவில் இருந்தது ஏறக்குறைய 1,670 கன சென்டிமீட்டராகிறது. கனமூலம் எடுத்துப் பார்த்தால், இரண்டு மூலக்கூறுகளுக்கிடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 12 மடங்கு கூடியிருக்கிறது. ஊதியது துகள் அல்ல, இடைவெளி. உங்கள் மகனிடம் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுங்கள். அதில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்தச் சொல்லுங்கள்; பாதி வரை உள்ளே போகும். பிறகு தண்ணீரை நிரப்பி அதையே செய்யச் சொல்லுங்கள், தண்டு அசையாது. அசையாத அந்தத் தண்டு, திரவத் துகள்களுக்கிடையே ஒடுங்குவதற்கு இடமில்லை என்பதை எந்தப் படத்தையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

கேள்வி: பனிக்கட்டி உருகும் வரை வெப்பமானி பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது, தண்ணீர் கொதிக்கும்போது 100 டிகிரியிலேயே நிற்கிறது. அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கிறதே, அந்த வெப்பம் எங்கே போகிறது?
(கல்லூரி மாணவர், தருமபுரி)

பதில்: வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. நிலை மாறும் நேரத்தில் உள்ளே செல்லும் ஆற்றல், துகள்களை வேகப்படுத்துவதற்கல்லாமல், அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை விடுவிப்பதற்கே செலவாகிறது. ஆகவே வெப்பமானி ஏறுவதில்லை. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

அதன் அளவுகளைக் கவனியுங்கள். 1 கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 80 கலோரி போதும். 1 கிராம் தண்ணீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். உருகும்போது துகள்கள் வரிசையிலிருந்து மட்டுமே விடுபடுகின்றன, அணைப்பு தொடர்கிறது. ஆவியாகும்போது அந்த அணைப்பு முழுவதையும் அறுத்தாக வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன தாவலின் விலைதான் இந்த 540.

இதனால் சமையலறையில் ஓர் ஆபத்தும் உண்டு. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் படும் நீராவி, அதே வெப்பநிலையிலுள்ள வெந்நீரைவிட மோசமாகச் சுடுகிறது. தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது, ஒவ்வொரு கிராமும் அந்த 540 கலோரியையும் தோலிடமே ஒப்படைத்துவிடுகிறது. மேலும், பானையிலிருந்து வெள்ளையாக எழும்புவதைத்தான் நாம் ஆவி என்கிறோம். அது உண்மையில் குளிர்ந்து திரண்ட நுண்ணிய நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெண்டியின் மூக்குக்கும் வெண்புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவே தெளிவாகத் தெரியும் அந்தச் சிறு இடைவெளியில்தான் அது இருக்கிறது. கையை அங்கே கொண்டுபோய்விடாதீர்கள்.

கேள்வி: காற்றிலுள்ள மூலக்கூறுகள் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பறக்கின்றன என்று படித்தேன். அப்படியானால், பூஜையறையில் ஏற்றிய ஊதுபத்தியின் மணம் கூடத்துக்கு வர ஏன் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது?
(வணிகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்வியைக் கண்டதும் மகிழ்ந்தேன். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விதான் வாயுக்களின் இயக்கக் கோட்பாட்டையே தடுமாற வைத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ், வாயு மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் செல்கின்றன என்று கணக்கிட்டபோது, டச்சு நாட்டு வானிலை அறிஞர் பைஸ் பாலோட் உங்களைப் போலவே கேட்டார்: அப்படியானால் ஓர் அறையின் ஒரு மூலையில் எழும் மணம் மறுமூலைக்கு நொடிப்பொழுதில் வந்துவிட வேண்டாமா? நீளமான அறையில் உணவு பரிமாறப்படுவது மறுகோடியில் அமர்ந்திருப்பவருக்குச் சிறிது நேரம் கழித்துத்தானே தெரிகிறது?

கிளாசியஸ் வேகக் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1858-இல் அவர் சொன்ன விடை: மூலக்கூறு வேகமாகத்தான் செல்கிறது, ஆனால் நேராகச் செல்வதில்லை. அடுத்த மூலக்கூறின்மீது மோதித் திசை மாறுகிறது, அதிலிருந்து இன்னொன்றின்மீது மோதி மீண்டும் திசை மாறுகிறது. இன்றைய கணக்கின்படி, நம் அறையின் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எனினும், இரண்டு மோதல்களுக்கிடையே அது கடக்கும் சராசரித் தூரம் ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் 70 பங்கு மட்டுமே, அதாவது ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நொடியில் அது சந்திக்கும் மோதல்கள் ஏறத்தாழ 700 கோடி. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக முயன்றவருக்கு இது புரியும். கால்கள் ஓயாமல் நடக்கின்றன, ஆள் நகர்வதில்லை.

இப்படி மோதி மோதிப் பரவுவதை விரவுதல் என்கிறோம். அதன் கணக்கு நாம் எதிர்பார்ப்பதுபோல் இருப்பதில்லை. தொலைவு இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். முற்றிலும் அசையாத காற்றில், விரவுதல் ஒன்றினால் மட்டுமே மணம் 3 மீட்டர் தூரம் பரவ வேண்டுமானால் சில நாட்கள் ஆகும். ஆகவே, உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது: ஒரு நிமிடத்திலேயே எப்படி வந்துவிடுகிறது? ஊதுபத்தியின் கனலால் மேலெழும் வெப்பக் காற்றும், மின்விசிறியும், திறந்த சன்னலும், நடமாடும் மனிதர்களும் காற்றையே திரள்திரளாகச் சுமந்துவருகிறார்கள். மணம் அந்தக் காற்றோடு பயணம் செய்கிறது. "அறையில் மணம் பரவுவது விரவுதலுக்கு எடுத்துக்காட்டு" என்று பள்ளியில் எழுதுகிறோம். அதில் உண்மை உண்டு, ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்வது காற்றோட்டம்தான்.

கேள்வி: தண்ணீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்றால், கொடியில் போட்ட துணி 30 டிகிரியில் எப்படி உலர்கிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்)

பதில்: 100 டிகிரி என்பது, கடல்மட்டக் காற்றழுத்தத்தில், திரவத்தின் உட்புறமெங்கும் குமிழிகள் உண்டாகும் வெப்பநிலை. ஆவியாதல் அதற்குக் காத்திருப்பதில்லை. துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்பதே இதற்குக் காரணம். 30 டிகிரித் தண்ணீரிலும், சில மூலக்கூறுகள் தற்செயலான மோதல்களால் மிகுந்த வேகம் பெற்றுவிடுகின்றன. அவற்றில் மேற்பரப்பில் இருப்பவை அண்டைத் துகள்களின் பிடியை உதறிவிட்டு வெளியேறுகின்றன. வேகமானவை வெளியேறிவிட்டால், எஞ்சியிருப்பவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது. சராசரி குறைந்தால் வெப்பநிலையும் குறைந்தது என்று பொருள். மண்பானையின் நுண்துளைகளில் கசிந்த நீர் வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுபோவது இப்படித்தான்.

வெளியேறிய மூலக்கூறுகள் திரும்பியும் வரலாம். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால், போவதற்கும் வருவதற்கும் வேறுபாடு குறைந்துவிடும். உங்கள் ஊரின் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் குளிரும் அளவுக்குக் கடற்கரை ஊர்களில் குளிராததற்கு அதுவே காரணம்.

கேள்வி: சமையல் எரிவாயு உருளையை அசைத்தால் உள்ளே தண்ணீர் போல் தளும்புகிறது. வாயு என்றுதானே சொல்கிறோம்? விசேஷ வீடுகளில் பெரிய அடுப்பு எரியும்போது உருளையின்மேல் நீர் முத்து முத்தாகப் படிவது ஏன்?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: உருளைக்குள் தளும்புவது திரவமேதான். புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையான இந்த எரிபொருளின் மூலக்கூறுகளை, அறை வெப்பநிலையிலேயே சில வளிமண்டல அழுத்தங்கள் கொடுத்து நெருக்கினால் போதும். அவற்றின் ஈர்ப்பு வென்று, அவை திரவமாகிவிடும். வீட்டு உருளையிலுள்ள 14.2 கிலோ திரவம், வெளியே வாயுவாக விரிந்தால் ஏறத்தாழ 6,000 லிட்டர் இடம் பிடிக்கும். துகள்களுக்கிடையிலான இடைவெளியை எடுத்துவிட்டதனால்தான் அது ஓர் ஆள் தூக்கும் உருளையில் அடங்குகிறது.

உருளைக்குள் திரவத்தின்மேல் எப்போதும் கொஞ்சம் ஆவி நிற்கிறது. நீங்கள் அடுப்பைத் திறந்ததும் அந்த ஆவி வெளியேற, அதன் இடத்தை நிரப்பத் திரவத்திலிருந்து மேலும் மூலக்கூறுகள் எழும்புகின்றன. உருளையில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பின் சுடர் தணியாததற்குக் காரணம் இதுவே: உள்ளே திரவம் எஞ்சியிருக்கும் வரை, ஆவியின் அழுத்தம், வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. இனி உங்கள் இரண்டாவது கேள்வி. திரவத்திலிருந்து பிரிந்துபோகும் ஒவ்வொரு மூலக்கூறும், மண்பானையில் நடப்பதுபோலவே, ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. பெரிய அடுப்புக்கு ஆவி வேகமாகத் தேவைப்படும்போது, திரவமும் உருளையின் இரும்பும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. அந்த ஈரம் எந்த உயரம் வரை படிந்திருக்கிறதோ, அந்த உயரம் வரை திரவம் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆட்டோக்களில் நிரப்பும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு இப்படித் திரவமாவதில்லை. அதில் பெரும்பகுதி மீத்தேன். மைனஸ் 82 டிகிரி செல்சியஸுக்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. அதன் மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பு அவ்வளவு வலுவற்றது. ஆகவே, அதை 200 வளிமண்டலம் அளவுக்கு அழுத்தி, வாயுவாகவே கனத்த உருளைகளில் அடைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கண்ணாடி ஒரு திரவம்தான், அது மெல்ல மெல்ல வழிகிறது, ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சன்னல்களில் கண்ணாடி அடியில் தடித்திருப்பது அதனால்தான் என்கிறார்களே?
(கட்டுமானப் பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: மிகப் பரவலாகச் சொல்லப்படுவது, தவறானதும்கூட. கண்ணாடியில் துகள்கள் படிகத்தில்போல் ஒழுங்காக அடுக்கப்படவில்லை, திரவத்தில்போல் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன என்பது உண்மை. ஆனால், அவை இடம்பெயர்வதில்லை. இருந்த இடத்திலேயே உறைந்துபோனவை. அதனால் அது படிக உருவற்ற திண்மம். அறை வெப்பநிலையில் அது கண்ணுக்குத் தெரியும்படி வழிய வேண்டுமானால், பேரண்டத்தின் வயதைக் காட்டிலும் நெடுங்காலம் வேண்டும். பழைய சன்னல்களுக்குக் காரணம் வேறு. அக்காலத்தில் கண்ணாடியைச் சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து துண்டுகளை வெட்டினார்கள். தடிமன் சீராக அமையவில்லை. தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்துவது வழக்கம். மெல்லிய பக்கம் கீழே வருமாறு பொருத்தப்பட்ட பழைய துண்டுகளும் இருக்கின்றன.

திடப்பொருளைப் போல் தோன்றினாலும் உண்மையிலேயே திரவமாக இருப்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், தார் வகையைச் சேர்ந்த கீலைச் சொல்லலாம். சுத்தியலால் தட்டினால் அது சில்லுச் சில்லாக உடையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், 1927-இல் அதை ஒரு புனலில் ஊற்றி, 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 ஏப்ரல் வரை விழுந்த துளிகள் ஒன்பது.

கேள்வி: பொருளின் நிலைகள் மூன்றா, நான்கா, ஐந்தா? தீ எந்த நிலையைச் சேர்ந்தது?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்)

பதில்: தேர்வுக்கு உங்கள் பாடநூல் சொல்லும் எண்ணையே எழுதுங்கள். அறிவியலில் இதற்கு இறுதியான எண் கிடையாது. எந்தச் சூழலில் துகள்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால், மோதல்களின் வலுவில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். இதுவரை துகள் மாறுவதில்லை என்று சொல்லிவந்தேன். இங்கே துகளே உடைகிறது. இந்த மின்னேற்றம் பெற்ற கலவைக்குப் பிளாஸ்மா என்று 1928-இல் பெயரிட்டவர் இர்விங் லாங்மியூர். சூரியன், மின்னல், எரியும் குழல்விளக்கின் உட்புறம் எல்லாம் பிளாஸ்மாதான். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு அணுக்கள் இப்படி அயனியாகும் என்பதற்கான சமன்பாட்டை 1920-இல் வெளியிட்டவர் மேகநாத் சாஹா. விண்மீன்களின் ஒளியைப் பிரித்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழி அதனால்தான் திறந்தது.

மறுகோடியில், டாக்காவில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் எழுதிய கட்டுரையின் வழியில், பெருங்குளிரில் அணுக்கள் யாவும் ஒரே குவாண்டம் நிலைக்குள் வந்து ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று ஐன்ஸ்டீன் கணித்தார். 1995-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எரிக் கார்னெலும் கார்ல் வைமனும், ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத எல்லைக்கு) மேல் ஒரு டிகிரியின் கோடியில் சில பங்கு அளவுக்குக் குளிர்வித்து அந்நிலையை உண்டாக்கிக் காட்டினார்கள்.

தீயைப் பொறுத்தவரை, அகல்விளக்கின் சுடரைப் பிளாஸ்மா என்று சொல்வது மிகை. அதில் அயனிகள் இருக்கின்றன, ஆனால் மிகச் சிறிதளவே. சுடர் என்பது எரிந்துகொண்டிருக்கும் சூடான வாயு. அதன் மஞ்சள் ஒளி, அதற்குள் கனன்று ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களிலிருந்து வருவது.

கேள்வி: ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக வரும் வெயிலில் தூசு ஆடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். மூலக்கூறுகள் மோதுவதால் ஏற்படும் பிரௌனியன் இயக்கம் அதுதானா? துகள்கள் இருப்பதை யாராவது உண்மையிலேயே நிரூபித்தார்களா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தென்காசி)

பதில்: ஐயா, வெயில் கற்றையில் நீங்கள் பார்ப்பது காற்றின் சுழல்கள் தூசை இழுத்துச் செல்வதைத்தான். அந்தத் தூசுகள், மூலக்கூறுகளின் மோதலால் கண்ணுக்குத் தெரியும்படி அசையும் அளவுக்குச் சிறியவை அல்ல.

உண்மையான பிரௌனியன் இயக்கத்தை, தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827-இல் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மகரந்தத்துக்குள்ளிருந்து வெளிப்பட்ட நுண்பொருள்கள் நீரில் இடைவிடாமல் நடுங்குவதைக் கண்ட அவர், உயிருள்ளவை என்பதால் அப்படியோ என்று ஐயுற்று, கண்ணாடித் தூளையும் பாறைத் தூளையும் நீரில் போட்டுப் பார்த்தார். அவையும் நடுங்கின. காரணம் தெரியாமலே பல பத்தாண்டுகள் கழிந்தன. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுகின்றன. நுண்பொருள் மிகச் சிறியது என்பதால், ஒரு கணத்தில் இந்தப் பக்கத்து மோதல்கள் சற்றுக் கூடுதலாகவும் மறுகணத்தில் அந்தப் பக்கத்து மோதல்கள் கூடுதலாகவும் அமைந்து, அதை அலைக்கழிக்கின்றன. எவ்வளவு நேரத்தில் அது சராசரியாக எவ்வளவு தூரம் விலகும் என்பதை 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்கிட்டார். பிரான்சில் ழான் பெரென், 1908 முதல் நுண்ணோக்கியின்கீழ் அந்தத் தூரங்களைப் பொறுமையாக அளந்து, கணக்கு பொருந்துவதைக் காட்டினார்; அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட எடைப் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதையும் கண்டார். 18 கிராம் தண்ணீரில், 6-ஐ அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் எண்ணை ஒட்டிய அளவு மூலக்கூறுகள் உள்ளன. அதுவரை அணுக்கள் வெறும் கணக்கு வசதி என்று வாதாடிவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய வேதியியலாளரே 1909-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரெனுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அருகிலுள்ள பள்ளியில் 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி இருந்தால், ஒரு துளிப் பாலில் நிறையத் தண்ணீர் கலந்து, அதிலிருந்து சிறு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூடிப் பாருங்கள். நீரோட்டம் அடங்கச் சில நிமிடம் விடுங்கள். பெரிய கொழுப்புத் துளிகள் ஏறக்குறைய அசையாமல் நிற்க, மிகச் சிறியவை மட்டும் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த நடுக்கம் ஓயாது.